மங்கலான படக் குயில்ட்டைத் துலங்க வைப்பது: முழுமையான வழிகாட்டி

துணித்துண்டுகளால் படம் அமைத்து, அடியில் பஞ்சு வைத்துத் தைப்பதுதான் படக் குயில்ட். மேசையில் விரித்துத் தைக்கும்போது அது அழகாகத்தான் தெரியும். சுவரில் மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றால் எல்லாம் ஒரே மூட்டமாக இருக்கும். இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், சந்தனம், பிஞ்சுப்பச்சை என்று ஒவ்வொரு துணியையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால் எது பறவை, எது தண்ணீர் என்று தேட வேண்டியிருக்கும். பேஸ்டல் என்னும் இந்த வெளிர் நிறங்களில் படம் தைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள்.

அப்போது கை தானாகக் கறுப்பு நூலைத் தேடும். உருவத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். தெளிவு வரும்தான். கூடவே படம் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரியும் ஆகிவிடும். வெளிர் துணிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததால் வரும் வினை அது. வெளிறிய குயில்ட்டில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது நடுத்தர அடர்த்திதான். முதலில் அதைக் கொண்டுவர வேண்டும். கருமைக்கு நெருங்கிய நிறங்கள் கடைசியில், கொஞ்சூண்டு போதும்.

உதாரணத்துக்குப் பூநாரைக் கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பனிக்காலத்தில் பார்த்திருப்பீர்கள்: வெளிர் வானம், வெளிர் தண்ணீர், நடுவில் வெளிர் ரோஸ் பறவைகள். குயில்ட்டுக்கு இதைவிடச் சிக்கலான படம் கிடைக்காது. இங்கே சொல்லும் முறைகள் பூந்தோட்டம், பனிமூட்டம், குழந்தை முகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எங்கே மங்கல் என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், ஆறேழு அடி தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுங்கள். எடிட் பகுதியில் சாச்சுரேஷன் (நிறச்செறிவு) அளவைக் கடைசிவரை குறையுங்கள். கறுப்புவெள்ளை ஃபில்டர்களைப் போட வேண்டாம். அவற்றில் சில தாமாகவே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் காட்டும், நாம் ஏமாந்துவிடுவோம்.

இப்போது வெள்ளையை 1 என்றும் கறுப்பை 5 என்றும் வைத்துக்கொண்டு, படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுங்கள். மங்கலான குயில்ட்டில் எல்லாமே 1, 2-க்குள் முடிந்துவிடும். நேரில் எதிரெதிராகத் தெரிந்த மஞ்சளும் ரோஸும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நிறம் வேறு என்பதால் மட்டும் இரண்டு துணிகள் பிரிந்து தெரியாது. அடர்த்தியும் மாற வேண்டும்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. முக்கால்வாசிப் பரப்பு 1, 2-லேயே இருக்கட்டும். அந்த மென்மைக்காகத்தானே இந்த நிறங்களையே எடுத்தீர்கள், அதைக் கெடுக்க வேண்டாம். மிச்சத்தில் பெரும்பகுதி 3 ஆகட்டும். 4 அங்கங்கே வரலாம். 5 இரண்டு மூன்று இடங்களில், விரல் நகம் அளவுக்கு.

கண் எங்கே போக வேண்டும்?

எல்லாப் பறவைகளையும் துலக்கினால் மறுபடியும் எல்லாம் சமமாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் தலையும் கழுத்தும்தான் படத்தின் மிகக் கூர்மையான இடம். மற்றவை அதற்கு ஒரு படி கீழே. தூரத்துப் பறவைகளை அப்படியே விட்டுவிடலாம். தூரம் போகப் போக எதுவும் வெளிறி, நீலம் பூத்துத்தான் தெரியும் என்பதால் அங்கே வெளிர் நிறம் நமக்கே உதவுகிறது.

அப்புறம் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்து, சாக்கால் ஒரு மூலையில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். இடது மேலிருந்து வருகிறது என்றால் வயிற்றின் அடிப்பக்கம், கழுத்து உடலோடு சேரும் இடம், சிறகு மடிப்பின் கீழ்ப்பக்கம், கால் தண்ணீரைத் தொடும் இடம் ஆகியவற்றில் நிழல் விழும்.

படத்தில் வரும் பொருளே என்னென்ன அடர்நிறங்களை வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். பூநாரையின் அலகு நுனி கறுப்பு. பெரிய சிறகிறகுகளும் கறுப்புதான், நிற்கும்போது பெரும்பாலும் மடிப்புக்குள் மறைந்திருக்கும். மேல்சிறகில் நல்ல சிவப்பு உண்டு. இன்னொரு வசதி, இளம் பறவைகள் ரோஸாக இருப்பதில்லை, சாம்பலும் பழுப்புமாக இருக்கும். கூட்டத்தில் அப்படி ஓர் இளம் பறவையைச் சேர்த்துத் தைத்தால், தேடிக்கொண்டிருந்த அந்த 3 இயல்பாகவே படத்துக்குள் வந்துவிடும். பூந்தோட்டம் என்றால் இலைகளுக்கு அடியில் இருக்கும் இருட்டு, முகம் என்றால் முடியும் இமையும் இதே வேலையைச் செய்யும்.

துணியைத் தொடும் முன் ஒத்திகை

கறுப்புவெள்ளைப் படத்தை ஏ4 தாளில் இரண்டு மூன்று பிரதி எடுத்து, பென்சிலால் நிழல் போட்டுப் பாருங்கள். எந்த நிழல் படத்தைத் தூக்குகிறது, எது அழுக்காகத் தெரிகிறது என்று பத்து நிமிடத்தில் புரியும்.

கோடுகளுக்கு ஜெராக்ஸ் கடைகளில் பைண்டிங் அட்டைக்குப் போடும் கண்ணாடித்தாள் நல்லது. குயில்ட் மேல் விரித்து, மார்க்கரால் வரைந்து, தள்ளி நின்று பாருங்கள். தாளின் ஓரங்களில் அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். மார்க்கர் ஓரம் தாண்டி வழுக்கி வெளிர் துணியில் ஒரு கீறல் விட்டால் அதை எடுக்கவே முடியாது.

அடர்நிறத்தைத் தேர்ந்தெடுப்பது

பட்டுப்புடவை வாங்கப் பழகிய கண்ணுக்கு இது எளிது. ஒவ்வொரு வெளிர் நிறத்துக்கும் அதன் குடும்பத்திலேயே ஓர் அடர்நிறம் இருக்கும். இளஞ்சிவப்புக்கு அரக்கு, வெளிர்நீலத்துக்கு மயில்கழுத்து அல்லது கருநீலம், பிஞ்சுப்பச்சைக்குப் பாசிப்பச்சை, ஊதாவுக்குக் கத்திரிப்பூ. வெளிர்மஞ்சள்தான் தகராறு செய்யும். அதைக் கருமையாக்கினால் அழுக்குப் பச்சையாகிவிடும். அங்கே பழுப்போ சாம்பல் கலந்த ஊதாவோ வைத்தால் நிழல் நிழலாகத் தெரியும்.

தனிக்கறுப்பை நிழலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவை மேற்பார்த்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீல, ஊதா மடிப்புகளின் நிழலுக்குப் போட்ட கறுப்பு நூல் சாரமில்லாமல் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையே இல்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை அவர் 1839-ல் விரிவாக வெளியிட்டார். நமக்கு இதில் இரட்டை லாபம். நிழலுக்கு அதே குடும்பத்து அடர்நிறம் போதும். வெளிர் துணி பளிச்சென்று தெரிய அதைத் தொட வேண்டியதே இல்லை, பக்கத்தில் இருப்பதை அடர்த்தியாக்கினாலும் போதும்.

கடையில் நூல்கண்டைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். கண்டில் சுற்றியிருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும் நூல், ஒற்றை வரியாகத் தைத்ததும் வெளிறிப்போகும். ஓர் இழையை உருவி, சுருட்டிச் சிக்காக்கித் துணிமேல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிட ஒரு படி அடர்த்தியானதைத்தான் எடுக்க வேண்டிவரும்.

அரக்கு, கருநீலம், சிவப்பு எதுவானாலும் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளிர் துணிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நூலையோ துணித்துண்டையோ நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை பட்டால் அந்த நூலுக்கு இங்கே வேலை இல்லை.

முதலில் பின்னணி

இனிமேல் வேலையின் வரிசை முக்கியம். பிரிக்க முடிந்தது முதலில், திரும்ப எடுக்க முடியாதது கடைசியில். அதாவது நெட் துணி, பிறகு நூல், அதன் பிறகுதான் பென்சிலும் பெயிண்டும்.

வெளிர்ப் பறவையைத் துலங்க வைக்க நல்ல வழி, அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீரையோ புல்லையோ ஒரு படி அடர்த்தியாக்குவது. ஓவியர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். வெளிச்சம் படும் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் அடர்த்தியான நாணல், நிழலான வயிற்றுக்கும் காலுக்கும் பின்னால் வெளிர்த் தண்ணீர். ஒரே உருவத்தின் மேல்பக்கம் வெளிராகவும் கீழ்ப்பக்கம் அடர்த்தியாகவும் பிரிந்து நிற்கும், ஒரு கோடும் தேவைப்படாது.

இதற்கு எளிய பொருள் நெட் துணி. மெல்லிய, கண்ணி சிறியதாக இருக்கும் வகை வேண்டும். விறைப்பான நெட் உதவாது. அடர்நீலம், கத்திரிப்பூ, அரக்கு மூன்றிலும் கால் மீட்டர் வாங்கி வைத்தால் பல குயில்ட்டுக்கு வரும். கறுப்பு நெட் வெளிர் துணிமேல் சாம்பல் பூசியதுபோல் உட்காரும், நிறத்தின் உயிரையே உறிஞ்சிவிடும். எனக்கு ஒத்துவருவது தண்ணீருக்கு அடர்நீலம், பறவை நிழலுக்கு அரக்கு.

வேண்டிய இடத்தைவிடப் பெரிய துண்டாக வெட்டி, குண்டூசி குத்தி, நிழலின் எல்லையில் மெல்லிய நூலால் ஒரு வரி தையுங்கள். அப்புறம் நுனி வளைந்த சின்னக் கத்திரியால் தையலை ஒட்டி மிச்சத்தை நறுக்குங்கள். இன்னும் அடர்த்தி வேண்டிய இடத்தில் இரண்டாவது அடுக்கு. நைலான் நெட் சூட்டில் உருகிவிடும் என்பதால் மேலே ஒரு துணி போட்டு, குறைந்த சூட்டில்தான் இஸ்திரி. பிடிக்கவில்லையா? தையலைப் பிரித்தால் வந்துவிடும்.

நூலால் நிழல் போடுவது

நேரம் அதிகம் வாங்குவதும் பலன் அதிகம் தருவதும் இந்தப் படிதான். மெஷினில் என்றால் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியை எந்தப் பக்கமும் நகரவிடும் டார்னிங் ஃபுட் மாட்டி, துணியைக் கையால் நகர்த்தித் தைக்க வேண்டும். பழைய மெஷினில் பல்லை இறக்கும் வசதி இல்லையென்றால், நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் அட்டையைப் பல்லின் மேல் ஒட்டிவிடலாம். ஊசி 14-ஆம் எண், உறையில் 90/14 என்று இருக்கும். மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாபினில் துணி நிறத்திலேயே மெல்லிய நூல்.

நூலில் எண் கூடக்கூட இழை மெலியும். நிழலுக்கு 50-ஆம் எண் பருத்தி நூல் மினுக்காமல் துணியோடு கலந்துபோகும். 40-ஆம் எண் எம்பிராய்டரி நூல் பளபளக்கும். அந்தப் பளபளப்பை ஈரமான தண்ணீருக்கும் இறகின் மேல்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் மினுக்கம் வந்தால் அது நிழலாகவே தெரியாது.

குயில்ட்டின் மேல்துணி இன்னும் பஞ்சோடு சேராமல் இருந்தால் இந்த வேலைக்கு அதுதான் நல்ல கட்டம். அடியில் ஸ்டெபிலைசர், அதாவது துணியைத் தாங்கிப் பிடிக்கும் தாள், கிழித்தெடுக்கும் வகையில் ஒன்று வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் துணி சுருங்கும், அதனால் நாலு பக்கமும் இரண்டு அங்குலமாவது கூடுதலாக விட்டு, எல்லாம் முடித்து, நனைத்து, நேராக இழுத்துக் காயவைத்த பிறகுதான் அளவு வெட்ட வேண்டும். ஏற்கெனவே பஞ்சோடு சேர்த்துத் தைத்து குயில்ட் செய்தாகிவிட்டால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் ஒரே இடத்தில் குவித்துத் தைத்தால் சுற்றுப்புறம் அப்பளம்போல் எழும்பும். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பரவலாகத் தையுங்கள்.

கழுத்தைச் செய்து பார்ப்போம். மூன்று நூல் எடுத்துக்கொள்ளுங்கள்: துணியைவிட ஒரு படி அடர்ந்த ரோஸ், அதைவிட அடர்ந்த ஒரு மங்கிய ரோஸ், கடைசியில் அரக்கு. முதல் நூலால் கழுத்தின் நிழல் பக்கத்தில் பாதி அகலத்துக்குக் குறுகிய தையல்கள், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஒழுங்கில்லாமல். இறகு எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே தையல் போக வேண்டும். குறுக்கே போனால் கழுத்தில் தழும்பு விழுந்தமாதிரி இருக்கும். இரண்டாவது நூலைக் கால்வாசி அகலத்துக்கு, முதல் தையல்களுக்கு இடையில் நுழைத்து. அரக்கு, கழுத்து உடலோடு சேரும் மடிப்பில் ஒரு வரி, வளைவின் உட்பக்கத்தில் ஒரு சின்னத் துணுக்கு, அவ்வளவுதான். எழுந்து, தள்ளிப்போய், போனில் கறுப்புவெள்ளையில் பாருங்கள். தட்டையாகக் கிடந்த பட்டை உருண்டு நிற்கும்.

கைத்தையல்காரர்களுக்கு ஆங்கர் நூல்கண்டு போதும். அதில் ஆறு இழை இருக்கும். நிழலுக்கு ஒற்றை இழையில் குட்டை நேர்த்தையல், ஓரத்துக்கு இரண்டு இழையில் காம்புத் தையல்.

ஓரக்கோட்டைப் பற்றிக் கறாராக ஒன்று: முழுவதும் சுற்றி வரக்கூடாது. நிழல் பக்கத்தில் கோடு திடமாக இருக்கட்டும், திரும்பும் இடத்தில் மெலியட்டும், வெளிச்சம் விழும் முதுகில் காணாமல் போகட்டும். விட்டுப்போன ஓரத்தைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் மட்டும் கோட்டை விடாதீர்கள். எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல வேண்டியது அங்கேதான்.

பிரிக்க நேர்ந்தால் பின்பக்கத்திலிருந்து நாலைந்து தையலுக்கு ஒருமுறை வெட்டி, மேலே நூலை உருவுங்கள். ஊசித் துளையை லேசாக நனைத்து நகத்தால் வருடினால் பருத்தித் துணியில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

பென்சில், பெயிண்ட், பேனா

நூலும் நெட்டும் எட்டாத இடங்களுக்கு இவை. கன்னத்து நிழல், இதழ் நடுவில் ஒரு வண்ணப் படர்வு, கண்.

சாதாரண வாட்டர்கலர் பென்சில் துவைத்தால் போய்விடும். இன்க்டென்ஸ் மாதிரி மை வகைப் பென்சில் நனைத்துக் காய்ந்தபின் துணியில் நிலைக்கும். தண்ணீரை அப்படியே தொட்டால் இழை வழியே ஓடிப் பரவும். அதனால் துணி பெயிண்டில் கலக்கும் ஃபேப்ரிக் மீடியத்தையோ கற்றாழை ஜெல்லையோ தூரிகையில் துளி தொட்டு, பெரும்பாலும் காய்ந்த தூரிகையாலேயே தேயுங்கள். உள்ளிருந்து ஓரத்துக்கு இழுக்கக் கூடாது. நிழலின் அடர்ந்த ஓரத்தில் தொடங்கி வெளிச்சத்துப் பக்கம் மங்கலாக்குங்கள்.

ஃபெவிக்ரில் போன்ற துணி பெயிண்டிலும் இதே கதைதான். தண்ணீருக்குப் பதில் மீடியம் கலந்து, மெல்லிய இரண்டு மூன்று பூச்சு. கெட்டியாகப் பூசினால் விறைத்துவிடும், ஊசி இறங்காது. காய்ந்தபின் புட்டியில் போட்டிருக்கும் முறைப்படி இஸ்திரி போட்டு நிலைப்படுத்துங்கள். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு இருந்தால் அதிகச் சூட்டில் அது அமுங்கிப்போகும், கவனம்.

கண்ணுக்கும் அலகு நுனிக்கும் மை அழியாத பிக்மா பேனா. பூநாரையின் கண் வெளிர்மஞ்சள், நடுவில் கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் உங்கள் 5. அதை வைத்தவுடன் சுற்றியிருக்கும் மற்ற நிறங்களும் ஒரு படி தெளிந்த மாதிரி தெரியும். அதனால் புள்ளி வைத்த பிறகு ஒருநாள் விட்டுவிடுங்கள். இன்னும் வேண்டும் என்று நினைத்திருந்த பாதி நிழல் தேவைப்படாமல் போகலாம்.

எதையும் முதலில் அதே துணியின் வெட்டுத்துண்டில் போட்டு, காயவைத்து, அலசிப் பாருங்கள்.

குயில்டிங்கே நிழல் தரும்

இன்னும் குயில்ட் செய்யவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நெருக்கமாகத் தைத்த இடம் அமுங்கிப் பின்னால் போகும். தைக்காமல் விட்ட இடம் புடைத்து முன்னால் வரும். பின்னணியைக் கால் அங்குல இடைவெளியில் தைத்து, பறவையின் உடலை ஏறத்தாழ விட்டுவிட்டால், நிறம் மாறாமலேயே ஓரம் தெளியும். பருத்திப் பஞ்சைவிடக் கம்பளிப் பஞ்சு நன்றாக எழும்பி நிற்கும். இன்னும் வேண்டுமென்றால் உடலுக்கு அடியில் மட்டும் கூடுதலாக ஓர் அடுக்கு பஞ்சு.

தண்ணீருக்குக் கிடைக்கோடுகள். பார்ப்பவருக்குப் பக்கத்தில் அகல இடைவெளி, தொடுவானம் நோக்கிப் போகப் போக நெருக்கம். நூல் துணியைவிட இரண்டு படி அடர்த்தியாக இருக்கலாம், ஒற்றை வரியில் அது ஒரு படியாகத்தான் தெரியும். பறவையின் பிம்பத்தைத் தண்ணீரில் காட்டுவதாக இருந்தால், வெளிரானதன் பிம்பம் கொஞ்சம் அடர்த்தியாகவும் அடர்த்தியானதன் பிம்பம் கொஞ்சம் வெளிராகவும் இருக்கட்டும். பிம்பத்தின் ஓரத்தைக் கூர்மையாக்க வேண்டாம்.

கரை

வெளிர்ப் படத்துக்கு அகலமான அடர்நிறக் கரை வைத்தால் கண் கரையைத்தான் பார்க்கும். ஒரு மெல்லிய கோடு போதும். ஓர் அங்குல அகலத்தில் அரக்குத் துணிப் பட்டை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, கால் அங்குலத் தையலில் படத்தின் ஓரத்தோடு பிடித்தால் கால் அங்குலம் வெளியே தெரியும். அதற்கு வெளியே மறுபடியும் வெளிர்க் கரை. படத்துக்குள் கடைசியாக வைத்த அடர்நிறம் எதுவோ அதே நிறம் இங்கே வந்தால் நன்றாக இருக்கும்.

துவைப்பதும் மாட்டுவதும்

முதல் அலசல் குளிர்ந்த தண்ணீரில், நிறையத் தண்ணீரில். எங்காவது சாயம் கசிந்ததுபோல் தெரிந்தால் காயவிடாதீர்கள். பெரிய வாளியில் கொஞ்சம் திரவ சோப்பு கலந்து, குயில்ட் முழுவதும் மூழ்கியிருக்கும்படி வைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்த கறையைவிட ஈரக் கறை எளிதில் விடும். பென்சில், பெயிண்ட் அதிகம் போட்ட குயில்ட்டாக இருந்தால் துவைக்காமல், மேலே நெட் துணி போட்டு வேக்குவம் கிளீனரால் தூசி எடுப்பதே நல்லது.

நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், வெளிர்ச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் சுவர் கிடைத்தால் விடாதீர்கள். நேரே விழும் டியூப்லைட்டில் தட்டையாகத் தெரியும் குயில்டிங், பக்க வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடுபள்ளமாக எழுந்து நிற்கும். மாட்டியபின் ஒரு கடைசிப் படம் எடுத்து, சாச்சுரேஷனைக் குறைத்து, முதலில் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்காவது நிழல் கூடிப்போயிருந்தால் அது பெரும்பாலும் கால்களில்தான் இருக்கும். அந்தத் தையலில் ஒன்றிரண்டு வரியைப் பிரித்துவிட்டால் சரி. பின்பக்கத்து லேபிளில் பெயர், ஆண்டு எழுதும்போது, எந்த வகைப் பெயிண்ட், எந்த நூல், துவைக்கலாமா கூடாதா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.